பழைய ரேவ் இரவை இன்றைக்கு நடத்தினால் ஏன் ஒட்டவில்லை? (பிரிட்டன், 1988–94)

#1 · மஞ்சள்முகம்

ரேவ் என்றால் மின்னணு நடன இசைக்கு விடிய விடிய ஆடும் கூட்டம். பிரிட்டனில் இப்போது "பழைய ரேவ்" என்ற பெயரில் வாராவாரம் எங்காவது ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. சுவரொட்டியில் மஞ்சள் சிரிப்பு முகம், உள்ளே பச்சை லேசர், கையில் ஒளிக்குச்சி, 1991ஆம் ஆண்டுப் பாட்டு. எல்லாம் இருந்தும் பாதி இரவில் கூட்டம் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எது குறைகிறது? ஒலியா, கூடமா, வந்தவர்களின் வயதா, சட்டமா?

300–400 பேர் கொள்ளும் கூடத்தில் முறையான அனுமதியோடு நடத்துவதாக வைத்துக்கொண்டு பேசுவோம். "அந்தக் காலம் மாதிரி வராது" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம். எது, ஏன், எவ்வளவு என்று சொல்லுங்கள்.

#2 · தாழொலித்தச்சன்

ஒலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், பாதி வியாதி அங்கேதான்.

எந்த வாடகை ஒலிக்காரரைக் கூப்பிட்டாலும் மேடைக்கு இடப்பக்கம் ரெண்டு, வலப்பக்கம் ரெண்டு என்று 18 அங்குல சப் பெட்டிகளை (பேஸ் மட்டும் தருகிற ஸ்பீக்கர்களை) பிரித்து வைத்துவிட்டுப் போவார். ராக் கச்சேரிக்கு அது போதும். கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) பேஸும்தான் பாட்டே என்கிற இசைக்கு அது கேடு. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 6.9 மீட்டர். பெட்டிகளுக்கு நடுவே 8 மீட்டர் இடைவெளி, நீங்கள் 10 மீட்டர் பின்னால் நிற்கிறீர்கள் என்றால், நடுக்கோட்டில் பேஸ் நெஞ்சில் அடிக்கும். அங்கிருந்து பக்கவாட்டில் 5 மீட்டர் நகருங்கள். இரண்டு பக்கத்து அலையும் ஒன்றையொன்று தின்றுவிட்டு 50 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட காணாமல் போகும். அந்த இடத்தில் நிற்கிறவர் ஆட மாட்டார், போனைத்தான் எடுப்பார்.

நாலு பெட்டியையும் ஒரே குவியலாக, தரையோடு, நடுவில் அடுக்குங்கள். ஒட்டி வைத்தால் எண்ணிக்கை இரட்டிக்கிற ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் வரை கூடும். தள்ளித் தள்ளி வைத்தால் சராசரியாக 3தான் கூடும். குவியலைப் பின்சுவரோடு நெருக்குங்கள். பெட்டியின் முகம் சுவரிலிருந்து 1.7 மீட்டர் முன்னால் வந்துவிட்டால், சுவரில் மோதித் திரும்புகிற அலை 50 ஹெர்ட்ஸில் எதிர்க்கட்டத்தில் வந்து சேரும். கிக்கின் வயிறு காலி.

அடுத்தது கூடம். செங்கல் சுவர், இரும்புக் கூரை, சிமெண்டுத் தரை என்றால் எதிரொலி அடங்க 3 விநாடி ஆகும். 1988இன் ஆசிட் ஹவுஸ் இசை 120 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) பக்கம், ஒரு கிக்குக்கும் அடுத்ததற்கும் அரை விநாடி. அந்த இசை குடோனில் பிழைத்துக்கொள்ளும். 1992இன் ஹார்ட்கோர் என்கிற வேக இசை 145. அதில் பிரேக்பீட்டின் (உடைத்து அடிக்கும் டிரம் தாளத்தின்) பதினாறாம் கூறு 0.1 விநாடிக்கு ஒன்று வருகிறது. அதே குடோனில் ஸ்னேர் டிரம் அடியெல்லாம் கூழ். கனமான கம்பளித் திரையைச் சுவரிலிருந்து 10–15 செ.மீ. விலக்கித் தொங்கவிட்டால் நடு, உச்ச ஒலிகள் ஓரளவு அடங்கும். அந்தக் காலப் படங்களில் தெரிகிற பாராசூட் துணியும் ராணுவ வலையும் கண்ணுக்குத்தான் அழகு, ஒலியை அவை ஒன்றும் செய்யாது. எந்தத் துணியானாலும் பிஎஸ் 5867 (பிரிட்டிஷ் தரம்) பி வகைத் தீத்தடுப்புச் சான்று கையில் இருக்கட்டும். சோதனைக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

மின்சாரம்: ஆம்ப்ளிஃபையர்களின் மொத்தத் திறன் 8 கிலோவாட் என்று வையுங்கள். நடன இசைக்குச் சராசரியாக அதில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெளியேறும். வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 4–5 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 20 ஆம்பியர் பக்கம். சுவரில் இருக்கிற 13 ஆம்பியர் பிளக் தாங்காது, 32 ஆம்பியர் நீல சாக்கெட் வேண்டும். புகை இயந்திரத்தின் ஹீட்டர் மட்டுமே 1.5 கிலோவாட், அது சூடேறத் தொடங்கும்போது வோல்டேஜ் சட்டென்று சரியும். அதையும் விளக்கையும் வேறு சர்க்யூட்டில் போடுங்கள். போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில்; அணைக்கும்போது ஆம்ப் முதலில். இதை மாற்றிச் செய்கிற ஒரு நொடியில் ட்வீட்டர் (உச்ச ஒலி ஸ்பீக்கர்) போய்விடும்.

#3 · வட்டுக்காரி

தச்சன் சொன்ன குவியல் முறைக்கு ஒரு எச்சரிக்கை. டர்ன்டேபிள் (வட்டைச் சுழற்றுகிற கருவி) அந்தக் குவியலுக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருந்தால் பேஸ் ஊசிக்குள் புகுந்து, மறுபடி ஸ்பீக்கர் வழியாக வந்து, ஊளையிட ஆரம்பிக்கும். இதற்கு அந்தக் காலத்து வைத்தியம் இன்னும் செல்லும்: 450 மி.மீ. சதுர, 50 மி.மீ. தடிமனுள்ள நடைபாதைக் கல் ஒன்று, எடை 23 கிலோ பக்கம். அதன் அடியில் அரைகுறையாகக் காற்றடித்த சைக்கிள் டியூப், மேலே டர்ன்டேபிள். முழுக்கக் காற்றடித்துவிட்டால் பயனில்லை. டியூப் மெத்தென்று இருந்தால்தான் அதிர்வு கல்லோடு நிற்கும். ஊசியின் பாரம் 3 கிராம் பக்கம், அதுவும் அந்தக் கார்ட்ரிட்ஜின் (ஊசி பொருத்திய தலையின்) உச்ச வரம்புக்குள். துள்ளுகிறதே என்று நாணயத்தை ஒட்டிப் பாரம் ஏற்றாதீர்கள், வட்டின் உச்ச ஒலி சில மாதத்தில் தேய்ந்துவிடும்.

ஆனால் மஞ்சள்முகம் கேட்டதற்கு என் பதில் வேறு. இந்த இரவுகள் கெடுவது பாட்டு வரிசையால். இரண்டு மணி நேரத்தில் 1988இலிருந்து 1994 வரை எல்லா "ஹிட்"டும் வேண்டும் என்கிறார்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் வேகச் சறுக்கி மேலும் கீழும் 8 சதவீதம்தான் போகும். 125 பிபிஎம் வட்டை முழுக்கத் தள்ளினாலும் 135. 145ஐ முழுக்கக் குறைத்தாலும் 133.4. இரண்டும் தொட்டும் தொடாமலும் நிற்கும், ஒன்று குரங்குக் குரலில், மற்றது தூங்கி வழிந்து. அதனால்தான் அப்போது ஒரு டிஜே ஒரே வேக வட்டாரத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நின்றார். மேல் வேகத்துக்குப் போவது அடுத்த டிஜேயின் வேலை. கூட்டம் அந்த ஏற்றத்தை உடம்பால் உணர்ந்தது. இன்றைக்குக் கணினி எந்தப் பாட்டையும் எந்த வேகத்துக்கும் இழுத்துவிடுகிறது, இரண்டு நிமிடத்துக்கு ஒரு பாட்டு மாறுகிறது, ஏற்றம் என்ற ஒன்றே இல்லை.

இன்னொன்று முக்கியம். அன்றைக்கு அடுத்து வருவது என்ன பாட்டு என்று ஆடுகிற தளத்தில் யாருக்கும் தெரியாது. பெயர் அச்சிடாத வெள்ளை லேபிள் வட்டு, ஓரிரு பிரதி மட்டும் வெட்டிய அசிடேட் டப்பிளேட். அலுமினியத் தட்டின்மேல் பூசிய அரக்கு அது, சில பத்துத் தடவை ஓட்டினாலே உச்ச ஒலி தேயத் தொடங்கும். அதைக் கேட்க வேண்டுமென்றால் அந்த இரவு அங்கே இருந்தாக வேண்டும். தெரிந்த பாட்டு வந்தால்தான் போன் மேலே போகும். தெரியாத பாட்டுக்குக் காது மேலே போகும். என் பரிந்துரை: பத்தில் ஏழு பாட்டு யாரும் கேட்டிராத அந்தக் கால பி-பக்கங்கள் (வட்டின் மறுபக்கப் பாட்டுகள்), மூன்று தெரிந்தவை. தலைகீழாகச் செய்தால் அது கல்யாண வீட்டு டிஸ்கோ.

வட்டின் வேகத்தோடு விளையாடிப் பிறந்த இசையும் உண்டு. பெல்ஜியத்தில் 45 சுற்று வட்டை 33இல் போட்டுச் சறுக்கியை +8க்குத் தள்ளினார்கள். நியூ பீட் என்கிற வகைக்கே அதுதான் அடித்தளம்.

#4 · ஹாக்னிச்சனம்

நீங்கள் எல்லாரும் ஒரு ஆளை மறந்திட்டியள்: எம்சீ, பாட்டு ஓடேக்க மைக் பிடிச்சுக் கதைக்கிற ஆள். உந்தப் பழைய றேவ் எண்டு சொல்லி நடத்திற பாட்டியளில மைக்கே இல்லை, இருந்தாலும் "லண்டன், சத்தம் போடுங்கோ" எண்டு கத்துறதோட சரி.

1991இல இருந்து கிழக்கு லண்டன் பக்கம் வந்த ஹார்ட்கோர், யமேக்கா ஆக்கள் பெரிய ஸ்பீக்கர் அடுக்கி நடத்திற சவுண்ட் சிஸ்டத்தின்ர பிள்ளை. ஷட் அப் அண்ட் டான்ஸ் எண்ட குழு கிழக்கு லண்டன் ஹாக்னியில இருந்து வந்தவை. அவையோட சேர்ந்த ராகா ட்வின்ஸ் அதுக்கு முதல் யூனிட்டி எண்ட றெகே சவுண்டில மைக் பிடிச்சவை. பேஸ் பெட்டியை ஆளுயரத்துக்கு அடுக்கிறது, ஒரே பாட்டைத் திருப்பி முதலில இருந்து விடுறது, டப்பிளேட் வெட்டுறது எல்லாம் அங்கயிருந்து வந்த பழக்கம். வட்டுக்காரி அக்கா சொன்ன அந்த அசிடேட் தட்டும் அப்பிடித்தான். போஸ்டரில ஸ்பெயின்ர இபிசாத் தீவின்ர தென்னை மரத்தை மட்டும் போட்டால் கதையின்ர ஒரு பாதிதான் வரும். 1987இல இபிசாவுக்குப் போய் வந்த டிஜேமார் லண்டனில ஷூம், ஸ்பெக்ட்ரம் எண்டு கிளப் இரவுகள் தொடங்கினது உண்மை. ஆனால் அதை வருசக்கணக்கா உயிரோட வைச்சது அடுக்குமாடிக் கூரையில ஏரியல் கட்டின, லைசன்ஸ் இல்லாத களவு றேடியோ. கூல் எஃப்எம் 1991இல தொடங்கினது. ரின்ஸ் 1994இல களவாத் தொடங்கி, 2010இலதான் லைசன்ஸ் எடுத்தது.

தலைமுறை மாறுறது எப்பிடி எண்டதுக்கும் விடை உதுக்குள்ளயே இருக்கு. ஒவ்வொரு முறையும் வாசல் கதவு மாத்துது. 1994–95இல ஹார்ட்கோரில இருந்து வந்த ஜங்கிள் இசை 160 பிபிஎம்மைத் தாண்டி இருண்டு இறுகினவுடன, பெட்டையள் கனபேர் 130 பக்கத்தில ஓடின கறாஜ் எண்ட இசைக்குப் போச்சினம். கறாஜ் பணக்காரப் பாட்டியானது: வடிவான சப்பாத்து வேணும், ஸ்னீக்கர் போட்டால் உள்ளுக்கு விடான், வயசும் பாப்பான். 15, 16 வயசுப் பெடியளுக்கு எங்க போறது? இளைஞர் மன்றமும் களவு றேடியோவும்தான். 2002, 2003 பக்கம் கிழக்கு லண்டன் போ (Bow) வட்டாரத்தில கிறைம் (grime) எண்ட ராப் இசை அங்கயிருந்துதான் வந்தது, 140 பிபிஎம். குறொய்டனில அதே காலத்தில அதே வேகத்தில டப்ஸ்டெப், அது மைக்கைக் குறைச்சு பேஸைக் கூட்டினது. ஒருத்தரும் "புது இசை செய்வம்" எண்டு குந்தியிருந்து செய்யேல்லை. உள்ளுக்கு விடேல்லை, வெளியில செய்தவை.

பிறகு அதுக்கும் பூட்டு. நிகழ்ச்சி நடத்திறவை நிரப்பிக் குடுக்கிற லண்டன் பொலிஸின்ர 696ஆம் இலக்கப் படிவம்: ஆர் பாடுறது, விலாசம் என்ன, ஃபோன் நம்பர் என்ன, முதல் பதிப்பில என்ன இசை, என்ன இனத்துச் சனம் வரும் எண்டும் கேட்டவை. 2017இலதான் அதை நிப்பாட்டினவை. கிறைம் பெடியளுக்கு மேடை கிடைக்காமல் போன வருசங்கள் அவை.

#5 · யூஎஸ்பி_குட்டி

இந்த இழையில யாராவது "போன் இல்லாத பொற்காலம்"னு ஆரம்பிப்பாங்கன்னு காத்திருந்தேன். இன்னும் வரல, அதனால நானே சொல்லிடறேன்: 1989ல ரேவ் நடந்ததே போனாலதான்.

எம்25 சுற்றுச்சாலை முழுசா முடிஞ்சது 1986 அக்டோபர்ல. லண்டனைச் சுத்தி எந்த வயல்வெளிக்கும் ஒரு மணி நேரத்துல போகலாம். சன்ரைஸ், எனர்ஜி, பயாலஜி மாதிரி அமைப்பாளர்கள் துண்டுச்சீட்டுல இடத்தைப் போடவே இல்ல, போன் நம்பர் மட்டும். அந்த நம்பருக்குப் பின்னால பிரிட்டிஷ் டெலிகாமோட குரல் பெட்டகம்: ஒரு பதிவு, நிறைய இணைப்பு. அமைப்பாளர் கார்ல உட்கார்ந்து மொபைல்ல கூப்பிட்டு அந்தப் பதிவை மாத்தலாம், அதே நொடியில ஆயிரக்கணக்கான பேருக்குப் புது வழி கேட்கும். முதல்ல ஒரு மோட்டார்வே ஓய்விடம்னு வரும், அங்க கார் சேரும்; கூட்டம் போதுமான அளவு ஆனதும் உண்மையான இடம் வரும். போலீஸ் வந்து சேர்றதுக்குள்ள உள்ளே ஆயிரக்கணக்குல இருந்தா, கலைக்கறது ஆபத்துன்னு அவங்களே விட்டுடுவாங்க. கணக்கு அதுதான். அந்த வருஷம் ஜூன்ல வைட் வால்தம் விமானத் திடல்ல சன்ரைஸ் நடத்தினதுக்கு 11,000 பேர் வந்ததா சொல்வாங்க.

அதனால பிரச்சினை கேமரா மட்டும்தான். வாசல்ல முன் லென்ஸுக்கும் பின் லென்ஸுக்கும் வட்ட ஸ்டிக்கர்: பெர்லின்ல ரொம்ப நாளா இருக்கிற பழக்கம், லண்டன்ல ஃபேப்ரிக் விடுதியும் 2021ல மறுபடி திறந்தப்போ படம் எடுக்கத் தடை போட்டது. ஆளுக்கு அஞ்சு விநாடிதான் ஆகும், ஆனா 400 பேருக்கு அரை மணி நேரத்துக்கு மேல; ஒரே ஆளை நிக்க வெச்சா வரிசை தெருவுக்குப் போயிடும். ரெண்டு பேர் போடுங்க, ஸ்டிக்கர் 1,000 வாங்குங்க. சிலது கீழே விழும், கழிவறையிலேர்ந்து வர்றவங்களுக்கு மறுபடி ஒட்டணும். துணி மாதிரி கிழியாத ஸ்டிக்கர் வேண்டாம், பசை லென்ஸ்ல நிக்கும், மறுநாள் திட்டு வாங்குவீங்க.

வயசையும் சொல்லிடறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. 1989ல 18 வயசா இருந்தவங்க இப்போ அம்பதோட நடுவுல. ராத்திரி பத்து மணிக்குக் கதவு திறந்து காலை ஆறுக்கு மூடினா யார் வருவாங்க? மதியம் ரெண்டுலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும் போடுங்க. இது ஒண்ணும் புதுசில்ல. எண்பதுகள்ல பிரிட்டன்ல வளர்ந்த பஞ்சாபி, குஜராத்திப் பிள்ளைங்க ராத்திரி வெளியே விடமாட்டாங்கன்னு பட்டப்பகல்ல பாங்க்ரா பார்ட்டி நடத்தினாங்களே, டேடைமர்னு.

#6 · சட்டக்கோப்பு

"சட்டம் ரேவைக் கொன்றுவிட்டது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். ரேவைப் பெற்றெடுத்ததும் சட்டம்தான். அன்றைக்கு இரவு விடுதிகள் 2 மணிக்கு மூட வேண்டும். லண்டன் மேற்கு முனையில் 3 மணி. அந்த நேரத்தில் தெருவுக்குத் தள்ளப்பட்டவர்கள் காலி குடோனைத் தேடிப் போனார்கள். 1980களில் ஆலைகள் மூடிய லங்காஷயரில் குடோனுக்குப் பஞ்சமில்லை. பிளாக்பர்னில் 1989–90இல் வாராவாரம் நடந்தது அதனால்தான்.

பிறகு இறுக்கம் படிப்படியாக வந்தது. 1990இல் அனுமதியில்லாக் கேளிக்கைக்கான அபராத உச்சவரம்பு 2,000 பவுண்டிலிருந்து 20,000 பவுண்டாகவும், கூடவே ஆறு மாதச் சிறையாகவும் உயர்ந்தது. அந்த ஜூலையில் லீட்ஸ் அருகே கில்டர்சமில் ஒரே இரவில் 836 பேர் கைது. அதே வேளையில் மறுபக்கக் கதவு திறந்தது: லண்டனில் டர்ன்மில்ஸ், 1991இல் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட், கவென்ட்ரியில் எக்லிப்ஸ் என்று விடிய விடிய ஆட உரிமம் பெற்ற இடங்கள் வந்தன. காசு கொடுத்து வருபவர்கள் கூரைக்குள் போனார்கள். காசு கேட்காத ஃப்ரீ பார்ட்டிக் கூட்டம் மட்டும் வெளியில் நின்றது.

அந்தக் கூட்டம்தான் 1992 மே மாதம் வூஸ்டர்ஷயரின் காசில்மார்ட்டன் பொதுவெளியில் இறங்கியது. ஏவன் வட்டாரத்தில் நடக்கவேண்டிய இலவச விழாவைக் காவல்துறை தடுத்தது, வண்டிகள் பக்கத்து மாவட்டத்துக்குத் திரும்பின, தொலைக்காட்சிச் செய்தி மீதிப்பேருக்கு வழிகாட்டியது. குறைந்தது 20,000 பேர், ஏறக்குறைய ஒரு வாரம். அங்கே இசை நடத்திய ஸ்பைரல் ட்ரைப் குழுவைச் சேர்ந்த 13 பேர்மீது வழக்கு நடந்து, எல்லோரும் விடுதலையானார்கள். இருந்த சட்டம் போதவில்லை என்ற வாதத்துக்கு அது வலுவாகிவிட்டது.

1994 நவம்பர் 3 அன்று ஒப்புதல் பெற்ற குற்றவியல் நீதிச் சட்டத்தின் 63ஆம் பிரிவு: திறந்தவெளியில் 100 பேர் அல்லது மேல், இரவில் பெருக்கிய இசை, அக்கம்பக்கத்தாருக்குக் கடும் துன்பம் என்றால் காவல்துறை கலைக்கலாம். "திரும்பத் திரும்ப வரும் அடிகளின் தொடர்" என்ற வரையறை இதில்தான் வருகிறது. 64ஆம் பிரிவு ஒலிக்கருவியைக் கைப்பற்றலாம் என்கிறது. 65ஆம் பிரிவு ஐந்து மைல் சுற்றளவில் வண்டியைத் திருப்பி அனுப்பலாம் என்கிறது. அனுபவத்தில் பல்லுள்ளவை இந்த இரண்டும்தான். பெட்டியை இழந்த குழு மறுபடி எழ ஆண்டுக்கணக்கில் ஆகும். 2003இல் 100 என்பது 20 ஆனது, கூரைக்குள் அத்துமீறி நடத்துவதும் சேர்ந்தது. 2005 நவம்பரில் புதிய உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்து விடுதிகள் விடியும்வரை திறந்திருக்க வழி பிறந்ததும், 2 மணிக்குத் தெருவில் நின்ற அந்தக் கூட்டமே இல்லாமல் போயிற்று. பழைய ரேவுக்குக் கடைசி ஆணி தடையை விட இந்தத் தாராளம்தான் என்பது என் கருத்து.

மஞ்சள்முகத்தின் 300–400 பேர் கூடத்துக்கு இங்கிலாந்து, வேல்ஸில் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு போதும். கட்டணம் 21 பவுண்டு. குறைந்தது 10 முழு வேலை நாள் முன்னால் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளும் நிகழ்ச்சி நாளும் கணக்கில் வராது, பலர் இடறுவது இங்கேதான். உச்சம் 499 பேர், அதில் டிஜே, பாதுகாவலர், மதுக்கடை ஊழியர் எல்லோரும் அடக்கம். காவல்துறையும் சுற்றுச்சூழல் நலப் பிரிவும் ஆட்சேபிக்கலாம். ஒலிக்கட்டுப்பாட்டுத் திட்டத்தை முன்கூட்டியே கொடுத்தால் ஆட்சேபம் பெரும்பாலும் வராது. இலவசக் குடிநீரும் வையுங்கள்.

#7 · தாழொலித்தச்சன்

ஒலிக்கட்டுப்பாடு என்று கோப்பு ஐயா ஒரு வரியில் முடித்துவிட்டார். அங்கேதான் அடி விழும். அதிகாரி ஏ-எடை மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "சரி" என்று போய்விடுவார். புகார் வருவதோ பேஸால். ஏ-எடை 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடும், அதனால் எண் அழகாகவே இருக்கும். பக்கத்து வீட்டு வாசலில் 63, 125 ஹெர்ட்ஸ் பட்டைகளைத் தனியாக அளந்து 70 டெசிபலுக்குள் வையுங்கள். 80 தொட்டால் நிச்சயம் கதவைத் தட்டுவார்கள். இரவு பதினொன்றுக்குப் பிறகு இதுவும் அதிகம், வீட்டுக்குள் கேட்கவே கூடாது. தெளிவான, காற்றில்லாத இரவில் தரைக்காற்று குளிர்ந்து மேல்காற்று சூடாக இருந்தால் ஒலி வளைந்து கீழே இறங்கும். சாயங்காலச் சோதனையில் அரைக் கிலோமீட்டரில் ஒன்றும் கேட்காது, நள்ளிரவில் கேட்கும்.

உள்ளே வேலை செய்கிறவர்களின் காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபல் எட்டு மணி நேரம். 3 கூடினால் நேரம் பாதி. 100 என்றால் 15 நிமிடம். மதுக்கடை ஆட்களுக்குக் காதடைப்பான் நீங்கள்தான் தர வேண்டும்.

#8 · யூஎஸ்பி_குட்டி

சைடுல ஒரு கேள்வி. ஆசிட் ஹவுஸ்ல கேட்கிற 303 (ரோலண்டோட பேஸ் சிந்தசைசர்) சத்தம் முதல்ல இந்தியாவுலதான் வந்ததுன்னு ஒவ்வொரு இழையிலயும் யாராவது சொல்றாங்களே?

#9 · வட்டுக்காரி

வரும் என்று தெரியும் :) சரண்ஜித் சிங் 1982இல் பம்பாயில் டிபி-303, டிஆர்-808 (டிரம் இயந்திரம்), ஜூபிட்டர்-8 (சிந்தசைசர்) மூன்றையும் வைத்து ராகங்களைப் பதிவு செய்தது உண்மை. கேட்டால் ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அது விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1987இல் சிகாகோவில் ஃபியூச்சர் குழு செய்தது வேறு வழியில் வந்தது. கிதார்காரர்களுக்குத் துணை பேஸாக ரோலண்ட் விற்ற பெட்டி, 1984இலேயே தயாரிப்பு நின்றுபோய், பழைய கடையில் மலிவாகக் கிடந்தது. இளைஞர் கைக்கு மலிவாக எட்டிய கருவி எதுவோ அதிலிருந்துதான் அடுத்த சத்தம் வரும். பாடகி எம்.ஐ.ஏ.வின் 2005 முதல் தொகுப்பும் ரோலண்டின் எம்சி-505 என்கிற ஒற்றைப் பெட்டியில் தொடங்கியதுதான்.

உங்களிடம் 303இன் நகல் பெட்டி இருந்தால்: 16 படியில் நாலைந்தைக் காலியாக விடுங்கள், மூன்று இடத்தில் ஸ்லைடு (சுரம் வழுக்குவது), இரண்டில் அக்சென்ட் (அழுத்தம்). ஃபில்டர் குமிழ்களில் ரெசனன்ஸ் முக்கால், கட்ஆஃப் அடியிலிருந்து 32 பார் எடுத்து மெதுவாக மேலே. எல்லாப் படியையும் நிரப்பினால் கொசு ரீங்காரம்தான் கிடைக்கும்.

#10 · மஞ்சள்முகம்

எல்லோருக்கும் நன்றி. வட்டுக்காரி சொன்ன "யாரும் கேட்டிராத பாட்டு" எங்கே கிடைக்கும் என்று தேடினால் அந்தக் கால ரேவ் கேசட் தொகுப்புகளில்தான் போய் நிற்கிறது. அவற்றைக் கணினியில் ஏற்றும்போது பாதி மங்கலாகக் கேட்கிறது. நாடா கெட்டுவிட்டதா?

#11 · நாடாச்சுருள்

பெரும்பாலும் நாடா நன்றாகத்தான் இருக்கும், ஹெட்டின் (நாடாவைப் படிக்கிற தலையின்) கோணம்தான் பொருந்தாமல் இருக்கும். அந்தத் தொகுப்புகள் எல்லாம் அதிவேக நகல் இயந்திரத்தில் மொத்தமாக அடித்தவை. ஒரு கேசட்டின் கோணம் அடுத்ததற்கு ஒத்துப்போகாது, ஏ-பக்கத்தின் கோணம் பி-பக்கத்துக்கே ஒத்துப்போகாது.

முதலில் ஹெட், நாடாவை இழுக்கிற கேப்ஸ்டன் தண்டு, பின்ச் ரோலர் உருளை மூன்றையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். கேசட்டைத் திறந்து அழுத்தப் பஞ்சு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முப்பது வருடத்தில் பசை காய்ந்து அது உதிர்ந்திருக்கும், அப்போதும் மங்கலாகத்தான் கேட்கும். திருகில்லாமல் ஒட்டிய கூடு என்றால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். கேசட் டெக்கில் டால்பியை (இரைச்சல் குறைப்பை) அணைத்துவிடுங்கள். இரண்டு சானலையும் ஒன்றாக்கி மோனோவில் ஹை-ஹாட்டை (டிரம்மின் சிறு தாளத் தட்டை) கேட்டுக்கொண்டே, ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட திருகை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு புள்ளியில் ஹை-ஹாட் சட்டென்று திறந்துகொள்ளும். அங்கே நிறுத்துங்கள். பக்கத்தைத் திருப்பினால் மறுபடி செய்ய வேண்டும். ஸ்டீரியோவில் கேட்டுக்கொண்டு செய்தால் அந்தப் புள்ளி காதுக்குத் தெரியாது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் -6 டெசிபல். 45 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு 780 எம்பி பக்கம். எட்டு கேசட் பெட்டி என்றால் பன்னிரண்டரை ஜிபி ஒதுக்குங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை முதல் பிரதியின் மேல் ஓட்டவே ஓட்டாதீர்கள். பார்வையாளர் விசிலையும் ஹை-ஹாட் வாலையும் அது இரைச்சல் என்று நினைத்துக்கொள்ளும்.

#12 · வட்டுக்காரி

வேகம்? பல தொகுப்புகள் அசலை விட 2–3 சதவீதம் வேகமாக ஓடுகின்றன. பாட்டைக் கண்டுபிடிக்க அது இடைஞ்சல்.

#13 · நாடாச்சுருள்

கூடத்தில் பதிந்தது என்றால் ஒரு வழி இருக்கிறது. மென்பொருளின் அதிர்வெண் படத்தில் (ஸ்பெக்ட்ரோகிராம்) 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாருங்கள், பாட்டு நிற்கும் இடத்தில், எம்சீ மட்டும் பேசும்போது. மெயின்ஸ் ஹம் (மின்சாரத்தின் முணுமுணுப்பு) மெல்லிய கோடாகத் தெரியும். பிரிட்டனில் அது 50இல் இருக்க வேண்டும். 51.2இல் தெரிந்தால் நாடா 2.4 சதவீதம் வேகம், 50ஐ 51.2ஆல் வகுத்து வருகிற 0.977ஆல் வேகத்தைக் குறையுங்கள். உங்கள் டெக்கே போடுகிற ஹம் சரியாக 50இல் அசையாமல் நிற்கும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாடாவில் இருப்பது லேசாக ஆடும்.

#14 · தாழொலித்தச்சன்

வயல்வெளி ரேவில் பதிந்ததற்கு இது செல்லாது. அங்கே மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து. சுமை இல்லாதபோது 52 வரை ஏறும், ஆம்ப் இழுக்கும்போது 49க்கு இறங்கும். கிக் அடிக்கிற தாளத்துக்கே விளக்கு மங்கும். ஹம் கோடு வளைந்து நெளிந்துதான் இருக்கும்.

#15 · நாடாச்சுருள்

சரிதான். அப்படி நெளிந்தால் வேகத்தைத் தொடாமல் அப்படியே சேமித்து, கோப்பின் பெயரில் "ஜெனரேட்டர், திருத்தவில்லை" என்று எழுதிவிடுங்கள். திருத்திய பிரதியைத் தனியாக வையுங்கள்.